நான்காவது கத்தி

மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கையில் எடுத்ததும், பாரமில்லை என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். கடையில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் போட்டு ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள், ஒருமுறை விரித்துப் பார்ப்பார்கள், பிறகு காசு கட்டப் போய்விடுவார்கள். பூட்டைப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. விரித்த அலகு வேலை முடியும்வரை விரிந்தபடியே நிற்குமா என்பதுதான் ஒரு மடக்குக் கத்தியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது உங்களுக்குத் தேவையில்லாத கதையாகப் படலாம். ஆனால் நேற்று விசாரணையில் நான் சொன்னவற்றில் சில இடங்கள் சரியில்லை. மொழிபெயர்க்க வந்த பிள்ளை கெட்டிக்காரிதான். நான் பேசும்போது எழுந்து எழுந்து நடந்ததில் அவளும் குழம்பிப்போனாள். தமிழிலேயே எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. எழுதுவதென்றால் ஓர் இடத்தில் இருந்துதானே ஆகவேண்டும்.

என் பெயர் அகஸ்ரின். வயது ஐம்பத்தாறு. மோர்னிங்சைட்டில் வீடு. இருபத்திரண்டு வருடமாக வாகன உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. வருகிற துண்டுகளை அளந்து, நல்லதைப் போகவிட்டு, பிழையானதில் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குவேன். பிழையான துண்டு ஒன்று கதவைத் தாண்டி வெளியே போய், அதனால் யாருக்காவது ஏதாவது நடந்தால் அது என் தலையில். இன்றுவரை அப்படி ஒன்றும் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நவம்பரும் மூன்று பேர் மான் வேட்டைக்குப் போவோம். நகரத்திலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம். நான், என்னோடு வேலை செய்யும் றிச்சர்ட், என் மனைவி யூஜினியின் தம்பி மாக்கஸ். அனுமதிப் பத்திரம், பயிற்சி வகுப்பு, செம்மஞ்சள் தொப்பி எல்லாம் ஒழுங்காக உண்டு. சட்டத்தை மீறுவது எனக்குப் பழக்கமில்லை. கையை உதறினால் தானாக விரிகிற கத்தி இந்த நாட்டில் தடை. நான் வாங்கிய கத்தி ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் உதறித்தான் பார்த்தேன். ஒன்றும் விரியவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வேட்டைக்கு மடக்காத கத்திதான் சரி என்பார் றிச்சர்ட். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்கும் போகமுடியாது, பூசைக்கும் போகமுடியாது. எனக்குத் தேவைப்பட்டது ஒரே கத்தி. திங்கள் முதல் வெள்ளிவரை காற்சட்டைப் பையில் கிடந்து பெட்டி வெட்டவேண்டும், அப்பிள் நறுக்கவேண்டும். நவம்பரில் மானின் வயிற்றைத் திறக்கவேண்டும். பையில் கிடப்பது தெரியக்கூடாது, கையில் எடுத்தால் நம்பிக்கையாக இருக்கவேண்டும்.

ஓகஸ்ட்டிலிருந்து ஒக்ரோபர்வரை ஏழு கத்தி வாங்கினேன். ஒவ்வொன்றையும் ஒரு கிழமை பையில் வைத்திருந்தேன். நாள் முழுக்கப் பெருவிரலால் விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். ஒன்று சரியென்று பட்ட அன்றைக்கே அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுவேன். வேலையில், வாகனத்தில், மலசலகூடத்தில்கூட விரல் சும்மா இருக்கவில்லை. கத்திகளை நீங்கள் எடுத்துப்போய் ஒன்பது நாளாகிறது. இதை எழுதும்போதும் இடது பெருவிரல் மேசை விளிம்பைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடை ஒன்றை வெட்டாமல் முழுதாக வாங்கிவந்து, கராஜில் மேசை போட்டு, அந்தக் கிழமைக் கத்தியால் எலும்பைக் கழற்றுவேன். கையில் வேலைத்தலத்துக் கம்பிவலைக் கையுறை. பக்கத்தில் ஒரு கொப்பி. எடை, அலகின் நீளம், பிடியின் வழுக்கல், பூட்டு, கூர் எத்தனை வெட்டுக்குத் தாங்கியது, எல்லாம் எழுதுவேன். ஏழு ஞாயிறும் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. மாக்கஸுக்கு ஆட்டிறைச்சி என்றால் உயிர். எலும்பு இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவான்.

நான்காவது கத்தியைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டீர்கள். ஐம்பத்தெட்டு கிராம். பச்சைப் பிடி. ஏழிலும் வடிவானது அதுதான். கூரும் நல்லது. பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு நெளிந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும், அதுதான் பூட்டு. கை காய்ந்திருக்கும்போது ஒரு குறையும் இல்லை. கொழுப்பு உள்ளே போனபிறகு, எலும்புப் பொருத்துக்குள் விட்டு முறுக்கினால், தகடு விலகி அலகு விரலை நோக்கி மடிந்துவிடும். ஐந்துமுறை செய்து பார்த்தேன், மூன்றுமுறை மடிந்தது. கையுறை இருந்தபடியால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்பியில் எழுதினேன்: ‘நான்கு. 58 கிராம். வெட்டு நல்லது. கொழுப்புப் பட்டால் பூட்டு வழுக்குகிறது. வேண்டாம்.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் கடையில் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். நான்கு கத்திகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறாவதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். இரண்டாவதையும் வைத்திருந்தேன். நான்காவதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மறந்துபோனேன் என்று நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை. நான் மறக்கிறவன் இல்லை.

ஏன் ஓகஸ்ட்டில் தொடங்கினீர்கள், வேட்டைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்ததே என்றும் கேட்டீர்கள்.

எங்களுக்கு ஒரே மகள், செரீனா. இருபத்தாறு வயது, இங்கே பிறந்தவள். பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை. றொய்சன் என்ற பையனோடு நிச்சயமாகிவிட்டது, கல்யாணம் அடுத்த மே பதினாறு. ஓகஸ்ட் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் முதலில் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கள் கோவிக்கக்கூடாது, ஓகே? கோயிலில என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது மாமாவா இருக்கோணும் எண்டு எனக்கு விருப்பம்.”

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மணப்பெண்ணை வாசலிலிருந்து பீடத்தடிவரை கையைப் பிடித்துக் கூட்டிப்போவது தகப்பன். முந்நூறு பேர் எழும்பி நின்று பார்ப்பார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் மாமனோ சித்தப்பனோ போவது. நான் அவளுக்கு எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாக்கஸ் உடனே மறுத்துவிட்டான். அது அப்பாவின் இடம், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்றான். அவள் விடவில்லை. “எனக்கு எல்லாத்துக்கும் நிண்டது நீங்கள்தானே, மாமா” என்றாள். அவன் அழுதுவிட்டான். யூஜினி என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப்போய்க் கறிச்சட்டியைக் கிளறினாள். உன் விருப்பம்தானே பிள்ளை, எனக்கென்ன என்று நான் சொன்னேன். என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. செரீனா எழும்பி வந்து என் தலையில் கொஞ்சிவிட்டுப் போனாள். அவன் மறுத்ததுதான் எனக்கு அதிகம் நொந்தது. என்னுடைய இடத்தை எனக்குத் திருப்பித் தருகிற அளவுக்கு அது அவனுடையதாகிவிட்டிருந்தது.

அவள் சொன்னதில் பிழையில்லை. நான் பதினாறு வருடம் பின்னேர ஷிஃப்ற். மூன்று மணிக்குப் போனால் வீடு திரும்ப நடுச்சாமம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இல்லை, நான் வரும்போது அவள் நித்திரை. மாக்கஸ் எங்கள் பேஸ்மென்ரில் வந்து இருந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், கல்யாணம் கட்டவில்லை, பகலில் நேரம் கிடந்தது. நீச்சலுக்குக் கொண்டுபோனது அவன். பியானோ வகுப்புக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கொண்டுபோனது அவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது அவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஒருநாளும் அவன்மேல் கோபம் வந்ததில்லை. இப்போதும் இல்லை.

அன்றைக்குப் பின்னேரமே முதற் கத்தியை வாங்கினேன். வீட்டில் இருக்க முடியவில்லை, வாகனத்தை எடுத்துக்கொண்டு போனேன், கடை திறந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நேற்றுச் சொன்னேன். அந்த நேரத்தில் சம்பந்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவேண்டும், இடையில் எழும்பி இந்த அறையைச் சுற்றி நாலைந்து தரம் நடந்துவிட்டு வந்துதான் இதற்குமேல் எழுதுகிறேன்.

மாக்கஸைப் பற்றி இன்னொன்றும் தெரியவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு இரவும் ஒரு குளிசை. சவரம் செய்யும்போது சின்னக் கீறல் பட்டால்கூட அரை மணித்தியாலம் துணியால் அழுத்திக்கொண்டு நிற்பான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு உடம்பில் பாரம் என்றாலே அவனுக்குப் பிடிக்காது. வீட்டுத் திறப்புக் கோர்வையைக்கூடப் பையில் வைக்கமாட்டான். சப்பாத்து வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவான்.

செப்ரெம்பரில் மீன்பிடிக்கப் போன இடத்தில் அவனுடைய பழைய கத்தி ஏரிக்குள் விழுந்துவிட்டது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, குசினியில் தேநீர் குடித்துக்கொண்டு அவனாகவே கேட்டான்.

“அத்தான், உங்களிட்டக் கத்தி கனக்கக் கிடக்குது. எனக்கும் ஒண்டு தாங்கோவன்.”

நான் கராஜுக்குப் போய் எடுத்துவந்தேன். ஏழு கத்தியையும் மேசையில் பரப்பி, விரும்பியதை எடு என்று சொன்னதாக நேற்றுச் சொன்னேன். ஏழு இல்லை. கடைக்குப் போனது போக மூன்றுதான் வீட்டில் இருந்தன. மேசைக்கு வந்தவை இரண்டு. இரண்டாவது கத்தி நூற்று நாற்பது கிராம். பூட்டு யானை மிதித்தாலும் மடங்காது, ஆனால் பார்க்க அவலட்சணம். மற்றது நான்காவது. மாக்கஸ் இரண்டையும் ஒவ்வொரு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். பாரமானதை வைத்துவிட்டு இலேசானதை எடுத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிவு அவனுடையது.

கொடுத்தது நீங்கள்தானே என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். எங்கள் ஆட்கள் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் இருவருக்கும் இடையில் பகை வரும் என்பார்கள். மேசையிலோ நிலத்திலோ வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்தால் கொடுத்ததாகக் கணக்கில்லை. மொழிபெயர்த்த பிள்ளை இதைச் சொன்னபோது நீங்கள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். யூஜினியைக் கேட்டுப்பாருங்கள், அவள்தான் அடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, கையில குடுக்காதேங்கோ. மேசையில வையுங்கோ.”

அதன்படி மேசையில் வைத்தேன்.

ஆனால் அவள் அப்படிச் சொல்வதற்கு நான் ஏற்கெனவே கையை நீட்டியிருக்கவேண்டும் அல்லவா. அப்போது கையில் இருந்தது எது என்று நீங்கள் கேட்கவில்லை. நான்காவது. பாரமான கத்தி சட்டைப் பையில் இருந்தது. யூஜினி சொன்ன பிறகுதான் அதையும் எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாக வைத்தது நல்லதாகப் பட்டது.

வேட்டைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் எல்லோருடைய கத்தியையும் வாங்கித் தீட்டினேன். எண்ணெயும் போட்டேன். ஒவ்வொரு வருடமும் நான் செய்கிற வேலைதான். அலகுக்குப் போடுகிற எண்ணெய் பூட்டுத் தகட்டிலும் படத்தான் செய்யும். மாக்கஸின் கத்தியில் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. மாக்கஸ் கொம்பு மான் ஒன்றைச் சுட்டான். நல்ல வெடி, மான் இருபது யார்கூட ஓடவில்லை. றிச்சர்ட் சதுப்புக்கு அந்தப் பக்கம், நடந்தால் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தார். சுட்டவர்தான் வயிறு திறக்கவேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் இடையில் ஆறு வருடமாக இருக்கிற வழக்கம். மாக்கஸ் முழந்தாளில் இருந்து வேலையைத் தொடங்கினான். நான் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

வயிறு சுலபமாகத் திறந்தது. குடலை எடுத்தான். முழங்கைவரை இரத்தமும் கொழுப்புமாக இருந்தது. கத்தியை ஒருமுறை தன் காற்சட்டையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“நல்ல கத்தி, அத்தான். கையில இருக்கிறதே தெரியேல்லை.”

பிறகு இடுப்பெலும்பின் பொருத்துக்குள் அலகை விட்டுத் தன் பக்கமாக முறுக்கி இழுத்தான். அப்படி இழுக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள். தகடு விலகியது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், கராஜில் மூன்றுமுறை கேட்டிருக்கிறேன். அலகு அரைவாசி மடிந்து அவன் நாலு விரலிலும் இறங்கியது. வலியில் பிடி விட்டுப்போக, இழுத்த வேகத்தில் கத்தி அவனுடைய உட்தொடையில் ஏறியது. அவன் கத்தவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தான்.

“அத்தான், பெல்ற்றைக் கழட்டித் தொடையில இறுக்கிக் கட்டுங்கோ. நான் குளிசை குடிக்கிறனான்.”

என் முதுகுப்பையில் முதலுதவிப் பெட்டி இருந்தது. இரத்தத்தை நிறுத்த இறுக்குகிற பட்டியும் அதற்குள் இருந்தது. இடுப்பில் பெல்ற் இருந்தது. தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓடிப்போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி எழும்பினேன். பையை முதுகில் போட்டபடியே போனேன். ஓடவில்லை, நடந்தேன். சிக்னல் கிடைப்பது கிழக்கே இருக்கும் மேட்டில். நான் போனது சதுப்புப் பக்கமாக. அங்கே மரங்களுக்கு இடையில் ஒரு வட்டமாக நடந்தேன். மூன்று மாதமாக ஓர் இடத்தில் இருக்கமுடியாமல் இருந்தவன் நான். அந்த நேரத்தில் மட்டும் எப்படி நிற்பது?

றிச்சர்டோடு பேச என்னிடம் இருந்த வோக்கி ரோக்கியில் பற்றரி செத்துப்போயிற்று என்று நேற்றுச் சொன்னேன். அதை நீங்கள் பரிசோதித்துவிட்டீர்கள், அது வேலை செய்கிறது. அன்றைக்கும் வேலை செய்தது. நான் நடந்துகொண்டிருந்தபோது றிச்சர்ட் அதில் கூப்பிட்டார்.

“வெடி கேட்டது. விழுந்திட்டுதே?”

“ஓம், விழுந்திட்டுது.”

“இழுக்கிறதுக்கு நான் வரட்டே?”

“ஒண்டும் அவசரமில்லை அண்ணை. ஆறுதலா வாங்கோ.”

றிச்சர்ட் இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எனக்காக இல்லை. அவர் நல்ல மனுசன். நான் மானைப் பற்றித்தான் சொன்னேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஐம்பது நிமிடம் கழித்துத் திரும்பிப் போனேன். மாக்கஸ் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தான். தன்னுடைய பெல்ற்றைத் தானே கழற்றித் தொடையைச் சுற்றிப் போட்டிருந்தான். விரல்கள் வெட்டுப்பட்டுக் கிடந்ததால் இறுக்க முடியவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்திருக்கிறான், தோலில் பல் அடையாளம் இருந்தது. வெட்டுப்பட்டது பெரிய நாடி இல்லை, நேரத்துக்கு இறுக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று வைத்தியர் எழுதியிருப்பதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். எனக்குக் கவலையாக இருந்தது. கவலைப்படவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவன். நான் முழந்தாளில் இருந்து அந்தப் பெல்ற்றை என்னால் முடிந்தமட்டும் இறுக்கினேன். றிச்சர்ட் வந்து பார்த்தபோது நான் இறுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

விபத்து என்று எழுதினார்கள். பொலிசார் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைய ஆட்கள். அவன் பஸ்ஸில் போய்வந்து வளர்ந்த பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். வாசலில் பெட்டி உள்ளே போகும் நேரம் செரீனாவின் கால் நடக்கவில்லை. அவள் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பீடத்தடிவரை என்னோடு நடந்தாள். எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் விரல் அசையாமல் இருந்தது. அன்றிரவு நான் நல்ல நித்திரை கொண்டேன்.

இனிக் கொப்பி. அதை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதனைக் குறிப்பைக் கிழித்து எறிந்து எனக்குப் பழக்கமில்லை. அதோடு அது தமிழில் இருந்தது. யூஜினி கராஜுக்குள் கால் வைக்கமாட்டாள். செரீனா இங்கே பிறந்தவள். இங்கே பிறந்த பிள்ளைகள் நாங்கள் பேசினால் விளங்கிக்கொள்ளும், எழுத்தைக் கண்டால் கோலம் போட்டிருக்கிறது என்று நினைக்கும். என்னுடைய பிள்ளையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவள் போனது எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் போனாள் என்பதும், கடைசிப் பரீட்சைவரை எழுதினாள் என்பதும், ஒவ்வொரு சனியும் இரண்டு மணித்தியாலம் மாக்கஸ் வெளியே வாகனத்துக்குள் இருந்து பிறகு வீடு வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசிக்கவைத்தான் என்பதும் தெரியாது. சனிக்கிழமையும் எனக்கு மேலதிக வேலை.

ஜனவரியில் அவள் மாக்கஸின் சாமான்களை ஒதுக்கினாள். கல்யாணத்தில் வைக்க அவனுடைய நல்ல படம் ஒன்று தேடி, கராஜில் இருந்த பெட்டிகளையும் கிண்டியிருக்கிறாள். நான் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். கொப்பியை விரித்துப் பிடித்தபடி வந்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஒரு பிழையும் விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான்காவது கத்தியில் வந்து நின்றாள்.

“அப்பா, ‘வழுக்குகிறது’ எண்டா ஸ்லிப் ஆகிறதுதானே?”

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் என்னிடம் தமிழில் ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தரம். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவள் அதற்கு அடுத்து இருந்த ‘வேண்டாம்’ என்பதையும் வாசித்தாள். அதற்குக் கருத்துக் கேட்கவில்லை. கொப்பியை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோட்டைக்கூடப் போடாமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

கொல்ல நினைத்தீர்களா என்று கேட்டபோது, கையில் ஒரு சின்னக் காயம் பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன் என்றேன். மொழிபெயர்த்த பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். நவம்பரில் பட்ட காயம் டிசம்பரில் நத்தாருக்கு முன்னமே ஆறிவிடும். ஆறாவிட்டாலும் என்ன? கைக்கட்டோடு ஒருவர் மணப்பெண்ணைப் பீடத்தடிவரை கூட்டிப்போகலாம். பார்க்கிறவர்களுக்கு இன்னும் உருக்கமாக இருக்கும். மே பதினாறாம் திகதி மாக்கஸ் அந்த வாசலில் நிற்கக்கூடாது என்றால் அவன் எங்குமே இருக்கக்கூடாது. அளவு பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் கையை நீட்டினேன். தெரிந்துதான் சதுப்புப் பக்கம் நடந்தேன். நான்தான் செய்தேன். இதைப் பிள்ளை சரியாக மொழிபெயர்க்கட்டும்.

ஒரேயொரு விண்ணப்பம். செரீனா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டாள் என்றும், என் பெயரைச் சொன்னாலே எழும்பிப் போய்விடுகிறாள் என்றும் நேற்றுச் சொன்னீர்கள். பிள்ளைகள் கோபத்தில் அப்படித்தான் சொல்லும். கோயில், மண்டபம் எல்லாம் பதிவுசெய்தாயிற்று, பூசை பதினொரு மணிக்கு. எனக்கு முழுநாளும் வேண்டாம். வாசலிலிருந்து பீடத்தடிக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. இரண்டு பொலிசாரை வேண்டுமானாலும் பின்னால் வரவிடுங்கள், முடிந்ததும் நானாகவே வந்து வாகனத்தில் ஏறிவிடுவேன். மாக்கஸ் இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கமாட்டேன். பாவம், தாய்மாமனும் இல்லாத பிள்ளை, அன்றைக்குக் கையைப் பிடிக்க என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?